முதல் டோக்கன்

காலை எட்டு மணி பதினொரு நிமிடத்துக்கு சர்ட்டிபிகேட் என் கைக்கு வந்துவிட்டது. நேரத்தைப் பார்த்துச் சொன்னவர் என் கணவர்.

"பாத்தியா, எட்டு பதினொண்ணு. அவங்கெல்லாம் இன்னும் டோக்கனைக் கையில வச்சிட்டு உக்காந்திருக்காங்க. நாம கிளம்பிட்டோம்."

பந்தயத்தில் ஜெயித்த முகம் அவருக்கு. வெளியில் மட்டுமல்ல, வீட்டிலும் அவருக்கு டைம் கீப்பர் என்றுதான் பெயர். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுகிற வேலை. அவர் எழுதிக் கொடுக்கிற சீட்டை மைக்கில் வாசிக்கிற வேலை எனக்கு. கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் சீட்டுக் கொடுத்துப் பழகியவர். ஒரு சீட்டிலாவது வண்டி நேரத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை எழுதியிருப்பாரா என்றால் இல்லை. அப்பேர்ப்பட்ட காதல் மன்னன்.

இந்த ஆஸ்பத்திரிக்கு ஒன்பது வருடமாக வருகிறோம். ஒன்பது வருடமும் முதல் டோக்கன்தான். விடிவதற்கு முன்பே வந்து கவுன்டர் முன்னால் நின்றுவிடுவார். ஒரே ஒரு முறை யாரோ முந்திக்கொண்டு இரண்டாம் டோக்கன் கிடைத்தது. ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை, ஏதோ நான்தான் அந்த ஆளை அனுப்பி வைத்த மாதிரி. டாக்டரைப் பார்க்கப் போகும் முந்தின நாள் எனக்கு வீட்டு வேலைகூடக் கிடையாது. "நல்லா தூங்கி எழுந்து தெளிவா போய் உக்காரணும்" என்பார். நானும் தலையை வழித்து வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி போவேன்.

பெரிய டாக்டர் மூன்று நிமிடம் பார்ப்பார். கையைத் தூக்கச் சொல்வார், தூக்குவேன். சிரிக்கச் சொல்வார், சிரிப்பேன். கண்ணை இறுக்கி மூடச் சொல்வார், மூடுவேன். எல்லாம் சரியாக இருக்கும். மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே, "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்பார்.

எனக்கு என்ன வியாதி என்று கேட்டால், சாயங்காலம் வருகிற வியாதி. பகலெல்லாம் நன்றாக இருப்பேன். பொழுது சாயச் சாய இமை தானாக இறங்கும். ஒரு வண்டி இரண்டு வண்டியாகத் தெரியும். துணி உலர்த்தத் தூக்கிய கை பாதி வழியில் விழுந்துவிடும். ராத்திரி சாப்பிடும்போது பாதிக்கு மேல் மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வேன். நாக்கு குழறும். சிரித்தால் பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும். படுத்துத் தூங்கி எழுந்தால் அத்தனையும் போன இடம் தெரியாது.

"மனச்சோர்வு" என்று முதல் வருடமே டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஒரு மாத்திரை, படுக்கும்போது ஒரு மாத்திரை. உடம்பு ஊதியதுதான் மிச்சம்.

என் நாத்தனார் அதற்கு நாலு மணி வியாதி என்று பெயர் வைத்தாள். "அடுப்பு பத்த வைக்கற நேரம் பாத்து வருதே அண்ணி, உங்க வியாதிக்குக் கூட மணி பாக்கத் தெரியுது. எங்க அண்ணனோட ட்ரெய்னிங்கா?" என்பாள். வீடே சிரிக்கும். என் கணவர் சிரிக்க மாட்டார். தூணில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார். வண்டி நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேலை செய்யப் பிடிக்காமல்தான் இப்படிச் செய்கிறேனோ, எனக்கே தெரியாமல் நடிக்கிறேனோ என்று கண்ணாடி முன்னால் நின்று இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே திட்டியிருக்கிறேன். அந்தத் திட்டெல்லாம் இப்போது நினைத்தாலும் எனக்குக் கொதிக்கிறது. வேறு யார் திட்டியிருந்தாலும் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

இத்தனை வருடம் வேலை தப்பித்ததற்குக் காரணம் எனக்குக் காலை ஷிப்ட். ஆறு மாதம் முன்னால் இன்னொரு அறிவிப்பாளர் வேலையை விட்டுப் போனார். மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டு வரை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு மணி தாண்டினால் "ஏழாம் நடைமேடை" என்று சொல்ல என் நாக்கு மறுத்தது. மூக்கால் பேசுகிற மாதிரி வந்தது. போன வாரம் பத்தொன்பது பயணிகள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்துவிட்டார்கள், அறிவிப்பு செய்கிற பெண் குடித்துவிட்டு உளறுகிறாள் என்று.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் பத்தொன்பது கையெழுத்து. நேற்று என்னைக் கூப்பிட்டார். "டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்கம்மா. நாளன்னிக்குக் காலைல பத்து மணிக்குள்ள என் மேஜைக்கு வரணும். இல்லேன்னா மைக்கை விட்டுட்டு பார்சல் ரூமுக்குப் போயிடுங்க" என்றார். பார்சல் ரூமில் மூட்டை தூக்க வேண்டும். அது ஒரு பக்கம். குடிகாரி என்ற பேரோடு தூக்க வேண்டும். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த சர்ட்டிபிகேட்தான் இப்போது என் கையில். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன். 'உடல்ரீதியாக எந்தக் குறையும் இல்லை. மனநலச் சிகிச்சையில் இருக்கிறார்.' கீழே கையெழுத்து, முத்திரை.

"உடம்புல ஒண்ணும் இல்லேன்னு எழுதியிருக்காரே, நல்லதுதானே" என்றார் கணவர்.

"உடம்புல ஒண்ணும் இல்லேன்னா நாக்கு எதுக்குக் குழறுதுன்னு கேப்பாங்க. ஒண்ணு குடிச்சிருக்கணும், இல்லே பைத்தியமா இருக்கணும். ரெண்டுல எதுன்னு மேனேஜர் சீட்டுக் குலுக்கிப் பாக்கட்டுமா?"

"சரி, வீட்டுல போய்ப் பேசிக்கலாம். எனக்குப் பத்து மணிக்கு டியூட்டி."

"நான் இப்ப எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கே."

"சாயங்காலம்?"

"அது... நாலு மணிக்கு மேல உன் வழக்கம்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் காதில் வாங்கினேன். நாலு மணிக்கு மேல். நாலு மணிக்கு மேல் என்னை ஒரு டாக்டராவது பார்த்திருக்கிறாரா? ஒருவர்கூட இல்லை. நன்றாகத் தூங்க வைத்து, சிங்காரித்து, ஊருக்கு முன்னால் முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினால் எந்த டாக்டருக்குத் தெரியும்? இவருக்குத்தான் தோன்றவில்லை, எனக்கு ஏன் தோன்றவில்லை? அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாதது.

"நான் வரலை" என்றேன். "இன்னிக்கு எனக்கு லீவுதானே. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன்."

"என்ன விளையாடறியா? பெரிய டாக்டர் ரெண்டு மணிக்கே போயிடுவார்."

"யாராவது ஒரு டாக்டர் இருப்பாங்கல்ல. நீங்க கிளம்புங்க, லேட்டானா உங்களுக்கு ஜுரம் வந்துடும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம்தான் ஜெயித்தது. விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டார்.

உட்கார்ந்தால் உடம்புக்கு ஓய்வு கிடைத்துவிடும் என்று நான் உட்காரவே இல்லை. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். எக்ஸ்ரே அறை, ரத்தம் எடுக்கிற அறை, பூட்டிய அறை, கழிப்பறை, திரும்பினால் மறுபடி கழிப்பறை, பூட்டிய அறை. மாடிப்படி இருபத்திரண்டு. நாலு தடவை ஏறி இறங்கினேன். பெருக்குகிற அம்மாள், "யாரையாவது தேடறீங்களா?" என்றாள். "ஆமாம், என் வியாதியைத் தேடறேன்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் பெரிய டாக்டர் எழுதியது சரி என்றாகியிருக்கும்.

டோக்கன் கூப்பிடுகிற சிஸ்டருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. "முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு" என்று அவள் கத்துவது முதல் வரிசைக்கே கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து சண்டை போட்டார்கள். பாவமாக இருந்தது. அதோடு ஒரு யோசனையும் வந்தது.

"சிஸ்டர், நான் கூப்பிடட்டுமா? எனக்கு அதான் வேலை."

"என்ன வேலை?"

கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். பழக்க தோஷம். கூடமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வயிற்று வலிக்காரர் ஒருவர், "எனக்கு ஜன்னல் சீட் வேணும்மா" என்றார். "டோக்கன் எண் முப்பத்தொன்று, அறை எண் இரண்டு" என்றேன். அந்தக் கூடத்தின் கடைசி மூலை வரை போய்ச் சேர்ந்தது என் குரல். கேட்க எனக்கே ஆசையாக இருந்தது. இந்தக் குரலைத்தான் நாளை பத்து மணிக்குப் பிடுங்கப் போகிறார்கள்.

ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை போதும் என்று சிஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு என் குரல் தீர வேண்டும்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றுமில்லை. இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் காரில் ஏறிப் போனார். ஒன்றுமில்லை. மூன்று மணிக்குக் கழிப்பறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டிருந்தன. ஒன்பது வருடம் வராதே வராதே என்று கெஞ்சியதை அன்று வா வா என்று கூப்பிட்டேன், அது வரவில்லை. அப்படியானால் அவர்கள் சொன்னது நிஜம்தானா? வேடிக்கை பார்க்க வீட்டு ஆள் இல்லாத இடத்தில் வராத வியாதியா? மறுபடி மாடிப்படி ஏறினேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஏறினேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மூன்றே முக்கால். மத்தியான டோக்கன் தொடங்கியிருந்தது. பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிடும்போது, "பன்னிரண்டு" என்பதில் நடுவெழுத்து மூக்குக்குள் போயிற்று. இருமிப் பார்த்தேன். பதிமூன்று இன்னும் மோசம். சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்தவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அக்கா, உங்க இடது கண்ணு என்ன ஆச்சு? மூடிக்கிச்சு!"

"அப்பா... வந்துருச்சா?" என்றேன். அழுகை வந்தது. அந்த நேரத்துக்கு அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் எனக்கு ஒன்றுதான் என்பதால் அவள் குழம்பிப் போனாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக டியூட்டி டாக்டர் அறைக்குப் போனாள்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். பாதி சாப்பாட்டில் இருந்தாள். டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவி வந்து, நான் நீட்டிய சர்ட்டிபிகேட்டையும் மாத்திரைச் சீட்டையும் ஒரு பார்வை பார்த்து மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு டாக்டர் பேனா இல்லாமல் என்னைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேல பாருங்கம்மா. என் விரலையே பாருங்க. இமைக்காம."

பார்த்தேன். அரை நிமிடத்தில் வலது இமையும் இறங்கியது.

"ஒண்ணுல இருந்து எண்ணுங்க. சத்தமா."

எண்ணினேன். இருபதில் நாக்கு தடித்தது. முப்பத்தைந்தில் நான் சொல்வது எனக்கே புரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து என் கணவர் உள்ளே வந்தார். இருபத்தாறு வருட வேலையில் முதல் தடவையாக அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தாராம். பின்னால் சொன்னார்.

"டாக்டர், இவளுக்கு இது வழக்கம்தான். தூங்கி எழுந்தா சரியாயிடும். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார்.

"தூங்கி எழுந்தா சரியாயிடுமா? அதைத்தான் சார் நான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் டாக்டர். சிஸ்டரைப் பார்த்து, "ஊசி மருந்து வைக்கற ப்ரிட்ஜ்ல ஐஸ் இருக்கும். ஒரு கிளவுஸ்ல போட்டுக் கட்டி எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ரப்பர் கையுறைக்குள் ஐஸ் வந்தது. ஐந்து விரலும் புடைத்துக்கொண்டு, யாரோ குண்டு ஆளின் கை மாதிரி. அதை என் இடது கண்மேல் வைத்தாள்.

"ரெண்டு நிமிஷம். சார், உங்க வாட்ச்ல டைம் பாருங்க."

நேரம் பார்க்கச் சொல்லிவிட்டால் அவருக்கு வேறொன்றும் தேவையில்லை. மணிக்கட்டைத் திருப்பி நிமிர்ந்து நின்றார். குளிர் நெற்றி வரை ஏறியது. வெளியே யாரோ டோக்கன் பதினான்கு எங்கே என்று சத்தம் போட்டார்கள்.

"ரெண்டு நிமிஷம்" என்றார் அவர்.

டாக்டர் கையுறையை எடுத்தாள். எனக்கு அவர் முகம் தெரிந்தது. ஒரே ஆளாகத் தெரிந்தார். வலது கண்ணில் திரை இறங்கியிருக்க, இடது கண் அகலத் திறந்திருந்தது.

"மனசுல இருக்கற வியாதி ஐஸ் வச்சா திறக்காது சார்" என்றாள் டாக்டர். "நரம்பு சொல்ற சேதி தசைக்குப் போய்ச் சேரலை. வேலை செய்யச் செய்ய தசை களைச்சுப் போகும், ஓய்வு கொடுத்தா திரும்பி வரும். மயஸ்தீனியான்னு பேர். ரத்தம் எடுத்து நரம்பு டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணணும். மருந்து இருக்கு. இவங்க ராத்திரி போடற மாத்திரை இதை இன்னும் மோசமாக்கியிருக்கலாம், ஆனா நீங்களா சட்டுனு நிறுத்தக் கூடாது. எவ்வளவு நாளா இருக்கு? எந்தெந்த நேரத்துல வரும்?"

நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அந்தச் சின்ன நோட்டு. எடுத்த பிறகுதான் எதை எடுத்தோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும், பாதியில் கை நின்றது. டாக்டர் வாங்கிவிட்டாள்.

பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தேதி, நேரம், என்ன நடந்தது. நான்கு பத்து, இமை. ஐந்து முப்பது, கை. எட்டு ஐந்து, பேச்சு. காலை நேரம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வரிக் கடைசியிலும் இன்னொரு வார்த்தை, அதைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

"சார், இதுல எல்லாமே இருக்கு. இதை ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருந்தா அன்னிக்கே பாதி முடிஞ்சிருக்குமே. ஏன் காட்டலை?"

அவர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டாக்டருக்காக எழுதலைம்மா. இவ நடிக்கறாங்கறதுக்கு ஆதாரமா எழுதி வச்சேன்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரை மெச்சுவதா அறைவதா என்று தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க ஒன்பது வருடக் கேள்வி என் தொண்டை வரை வந்து நின்றது. என் நாக்குதான் எழுந்திருக்கவில்லை.

மனுவையும் பார்சல் ரூமையும் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டு டாக்டர் புது சர்ட்டிபிகேட் எழுதினாள். உடல் நோய் என்று வலுவான சந்தேகம், குடிப்பழக்கம் அல்ல, காலை ஷிப்ட் மட்டும், எடை தூக்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும் என்னிடம் காட்டிக் காட்டி எழுதினாள். மூச்சு விடவோ தண்ணீர் விழுங்கவோ சிரமம் வந்தால் எந்த நேரமானாலும் ஓடி வர வேண்டும் என்றாள். பழைய சர்ட்டிபிகேட்டைத் திருப்பி, அதன் முதுகில் நான் எழுதிக் கணவரிடம் நீட்டினேன்: நாளைக் காலை எட்டு மணி. முதல் டோக்கன் உங்களுக்கு.

மறுநாள் அவர் லீவு போட்டிருந்தார். புது சர்ட்டிபிகேட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்து, எனக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஏழு ஐம்பதுக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்து என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் வாட்ச் இல்லை. எதற்குக் கழற்றினார் என்று நான் கேட்கவில்லை. நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தொண்டையைச் செருமினேன். குரல் கணீரென்று இருந்தது. முதல் பக்கத்திலிருந்து, மைக் முன்னால் நிற்கிற மாதிரியே வாசித்தேன், தேதி நேரம் பிசகாமல். "மாலை நான்கு இருபத்தைந்து. கண் சொருகல். நாடகம்." அடுத்தது. "மாலை ஆறு பத்து. தட்டைக் கீழே போட்டாள். நாடகம்." அடுத்தது. "இரவு எட்டு. சாப்பாட்டைத் துப்பினாள். அழுதாள். நாடகம்."

பத்துப் பக்கம் போவதற்குள் அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"போதும்மா. நிறுத்து. என்னால கேக்க முடியலை."

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"உக்காருங்க. எனக்கு நாலு மணி வரைக்கும் குரல் இருக்கு."